கறி சாப்பிட்ட அன்றைக்கு மட்டும் போடுகிற மாத்திரையல்ல இது

"டாக்டர், என் சகலையும் இதே கொலஸ்ட்ரால் மாத்திரைதான் போடுறார். அவருக்கு நல்லா இறங்கிடுச்சு. எனக்கு மட்டும் அப்படியே நிக்குது. டூப்ளிகேட் மாத்திரையா இருக்குமோ?"

இந்த மாதம் இப்படிக் கேட்டவர்களில் இவர் நான்காவது ஆள். எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் மூன்று மாதத்துக்கு முன் 184, இப்போது 178. இவர் போடும் அட்டார்வாஸ்டாட்டின் (ஸ்டாட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரை) 10 மி.கி. ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு மூன்றில் ஒரு பங்காவது குறையும். "தினமும் போடுறீங்களா?" என்றேன்.

"கறி, முட்டை சாப்பிடுற அன்னைக்கெல்லாம் தவறாம போட்டுடுவேன் சார்."

இன்னும் எத்தனை பேருக்குத்தான் சொல்வது? பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் குடிக்கிற சோடா அல்ல இது. தின்ற கொழுப்பைக் கரைப்பது இதன் வேலையே இல்லை. உங்கள் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. நீங்கள் ஏகாதசி விரதம் இருந்தாலும் கல்லீரல் விரதம் இருப்பதில்லை. அந்தத் தயாரிப்பைத்தான் ஸ்டாட்டின் மட்டுப்படுத்துகிறது. கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ள, அளவு இறங்குகிறது. கறி தின்றாலும் தயிர்சாதம் தின்றாலும் தினமும் போட வேண்டும்.

தினமும் போட்டும் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுவது உண்மைதான். கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் கொக்கி போன்ற ஏற்பிகள் பரம்பரையாகவே குறைவாக உள்ளவர்கள் சுமார் 250 பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே மாத்திரை பெரும்பாலும் போதாது. தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும் எல்டிஎல் இறங்க அடம்பிடிக்கும், தசைவலியும் எளிதில் வரும். (அதனால்தான் முதலில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதுகிறேன், லேபுக்குக் கமிஷன் தேடியல்ல.) ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்வதால், அமெரிக்காவிலேயே ஆசிய வம்சாவளியினருக்கு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டு மருமகன் 20 போடுகிறார் என்று நீங்களும் 20 கேட்காதீர்கள். டோஸை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகாது. கூடுதலாக இறங்குவது 6 சதவீதம் போலத்தான்.

சகலையின் அட்டையிலிருந்து ஒன்று கிழித்துப் போடாதீர்கள். சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், ஸ்டாட்டின் போடுவதை அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். சேர்ந்தால் சில ஸ்டாட்டின்கள் ரத்தத்தில் ஏறிவிடும். தசைவலி கடுமையாகி, சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கே வந்து காட்டுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்; நார்மல் ஆனதே மாத்திரையால்தான்.

விட்டுப்போன நாட்களை மட்டும் தயவுசெய்து மறைக்காதீர்கள். திட்ட மாட்டேன். நீங்கள் "தினமும் போடுறேன்" என்றால், அதை நம்பி டோஸைக் கூட்டி எழுதிவிடுவேன்.