7.5 சதவீத ஒதுக்கீடு: யாருக்குக் கிடைக்கும், நீட் தாளை எப்படி எழுதுவது

தமிழ்நாட்டில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் தனியே வைக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டுச் சட்டம். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளே. அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. நடுவில் ஒரே ஓராண்டு அங்கே படித்திருந்தாலும் தகுதி போய்விடும், இதில் ஏமாறுபவர்கள் நிறைய. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. படிப்புச் சான்றைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும்.

இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். ஆனால் நீட்டில் தேறாமல் இடம் இல்லை. தேர்ச்சி எல்லை பொதுப் பிரிவுக்கு 50 சதமானம், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதமானம். சதமானம் வேறு, சதவீதம் வேறு. 50 சதமானம் என்றால் 720இல் 360 எடுக்க வேண்டும் என்று பொருளல்ல. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் எல்லை மதிப்பெண் ஆண்டுதோறும் மாறும். தேறியபின் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும். அங்கேயும் 69 சதவீத இன ஒதுக்கீடு உண்டு.

2025ஆம் ஆண்டிலிருந்து நீட் தாளில் விருப்ப வினாக்கள் இல்லை. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, மொத்தம் 180 வினா, 180 நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும், விட்டால் பூஜ்யம். உயிரியலுக்கு மட்டும் 360 மதிப்பெண். இருவர் மதிப்பெண் சமமானால் முதலில் பார்ப்பதும் உயிரியல்தான். வாசித்து நினைவில் வைத்தால் விடை வரும் பாடம் என்பதால், தமிழ்வழி மாணவர் முதலில் கைவைக்க வேண்டியது இதில். 90 வினாவை 50 நிமிடத்தில் முடித்தால் வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60 என்று பிரித்து, மீதி 20 நிமிடத்தை விடைத்தாள் சரிபார்க்க வைக்கலாம். இயற்பியலை முதலில் தொட்டு ஒரு கணக்கில் பத்து நிமிடம் மாட்டிக்கொள்வதே பெரும்பாலோர் செய்யும் பிழை.

தெரியாததைத் தொடவே கூடாது என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடையில் ஒன்றைத் தவறென்று உறுதியாக நீக்க முடிந்தால், அப்படிப்பட்ட 12 வினாவில் சராசரியாக 4 சரியாகும்: 16 வரும், 8 போகும், 8 மிச்சம். இரண்டை நீக்க முடிந்தால் லாபம் இன்னும் கூடும். எதையும் நீக்க முடியாதபோது லாபம் மிகச் சொற்பம், அதிர்ஷ்டம்தான் பேசும், விட்டுவிடுங்கள். ஒரே வினாவுக்கு இரண்டு வட்டங்களைக் கருக்கினால் தவறாகவே கொள்வார்கள், 1 கழியும்.

தமிழ் வினாத்தாள் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. ஆகவே கலைச்சொற்களை, குறிப்பாக வேதியியல் பெயர்களையும் உயிரியலின் இலத்தீன் பெயர்களையும், இரண்டு மொழியிலும் படித்துவையுங்கள்.