தண்ணீரில் ஈயம்: இரண்டு நிமிடம் சேர்த்து, ஒரு நொடிக்குள் எண்ணும் கருவி

பினாங்கில் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர்தான். கெடா மாநிலத்தின் வயல்களையும் ஊர்களையும் கடந்து வந்து, சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கும் போகிறது. நிலையத்தில் அதைச் சோதிக்க ஆட்களும் கருவிகளும் இருக்கிறார்கள். அப்புறம் நம் வீட்டு வாசல்வரை, வாசலிலிருந்து குழாய்முனைவரை அது எதையெல்லாம் தொட்டுக்கொண்டு வருகிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். பழைய குழாய்களின் பற்றவைப்பிலும் பித்தளைக் குழாய்த் தலைகளிலும் ஈயம் இருக்கலாம். இரவு முழுக்க அசையாமல் நின்ற தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும்.

ஈயம் கலந்த தண்ணீருக்கு நிறம் மாறாது, வாடை வராது, குடித்தாலும் தெரியாது. கொதிக்க வைத்துவிட்டால் கவலையில்லை என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் அப்படியே இருக்கும். ஆவியாகித் தண்ணீர் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். வீட்டுக்கு வெளியே மாட்டியிருக்கும் மணல் வடிகட்டி சேற்றையும் துருவையும் பிடிக்கும், கரைந்த ஈயத்தைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. வளரும் பிள்ளைகளின் மூளைக்கு இவ்வளவு ஈயம் வரை கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவுமே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மலேசியக் குடிநீர்த் தரவிதி ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம்வரை அனுமதிக்கிறது. காட்மியத்துக்கு எல்லை 3, ஆர்சனிக்குக்கு 10, பாதரசத்துக்கு 1. ஆயிரம் லிட்டர் பிடிக்கும் மாடித் தொட்டியில் மொத்தமே 10 மில்லிகிராம் ஈயம் கரைந்திருந்தால் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். இவ்வளவு சின்ன அளவை ஆய்வகத்தில் பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் நீரைத் தெளித்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். அருமையான கருவிதான். ஆனால் விலை பல லட்சம் வெள்ளி, அதை ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

கைக்குள் அடங்கும் ஒரு மின்வேதியியல் கருவியும் சின்ன அச்சுப் பட்டையும் அதே ஈயத்தை அதே அளவில் பிடிக்கின்றன. எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஈயம் தண்ணீரில் கரையும்போது இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நேர்மின் அயனியாகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு மின்முனையை வைத்து, போதுமான அளவு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், பக்கத்தில் வரும் ஈய அயனி இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு மறுபடி உலோகமாகி மின்முனைமேல் ஒட்டிக்கொள்ளும். மின்னழுத்தத்தை மெல்ல நேர்ப்பக்கம் நகர்த்தினால் ஓர் இடத்தில் எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரைந்து போகும். அந்த இடம் உலோகத்துக்கு உலோகம் வேறு. வெள்ளிக் குளோரைடு பூசிய வெள்ளி முனையை ஒப்புமுனையாக, அதாவது மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் முனையாக, வைத்து அளந்தால் துத்தநாகம் சுமார் −1.1 வோல்ட்டிலும், காட்மியம் −0.8 பக்கத்திலும், ஈயம் −0.55 பக்கத்திலும் கரையும். கரைசலைப் பொறுத்து இவை கொஞ்சம் முன்பின் நகரும், வரிசை மாறாது. ஆக, எந்த மின்னழுத்தத்தில் கரைகிறது என்பது உலோகத்தின் பெயரைச் சொல்கிறது. எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்பது அளவைச் சொல்கிறது.

இந்த வழியை 1922-ல் பிராக் நகரில் திறந்துவைத்தவர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத் துளியையே மின்முனையாக்கி, மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று அளந்தார். 1959-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, நேராக அளந்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்முனை, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம், நன்றாகக் கலக்கப்படும் நீர். அயனிகள் மின்முனைக்கு வந்து சேரும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 3 நானோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரை நூறு கோடியாகப் பிரித்ததில் மூன்று பங்கு. இதே மின்முனையில், உலோகம் எதுவுமே இல்லாவிட்டாலும், மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் மேற்பரப்பில் மின்னேற்றம் சேர்ந்து ஒரு மின்னோட்டம் ஓடும். வினாடிக்கு ஒரு வோல்ட் வேகத்தில் மாற்றினால் அது ஒரு மைக்ரோ ஆம்பியரைத் தாண்டும். ஈயத்தின் குரல் அதில் சில நூறில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதற்குக் கண்ட தீர்வுதான். அவசரப்படாமல் முதலில் சேர்த்துக்கொள்கிறார்கள். மின்முனையை −1.2 வோல்ட் போன்ற ஒரு மின்னழுத்தத்தில் நிறுத்தி, நீரைக் கலக்கிக்கொண்டே இரண்டு நிமிடம் விடுகிறார்கள். வந்துசேரும் ஈயம் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்கிறது. நம் கணக்கின்படி அந்த இரண்டு நிமிடத்தில் சேர்வது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு, அதிலும் பாதிக்குக் கீழே. அப்புறம் கலக்குவதை நிறுத்தி, மின்னழுத்தத்தை வேகமாக நேர்ப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஈயத்தின் இடம் வந்ததும் சேர்ந்ததெல்லாம் பத்தில் ஒரு வினாடிக்குள் மொத்தமாகக் கரைகிறது. 120 வினாடி வரவு 0.1 வினாடியில் வெளியே வருவதால் மின்னோட்டம் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. கோயில் உண்டியலில் தினமும் விழும் சில்லறையை அன்றன்று எண்ணாமல் வருஷத்துக்கு ஒரு முறை திறந்து எண்ணுவது மாதிரி. நானோ ஆம்பியரில் முனகியது மைக்ரோ ஆம்பியரில் பேசுகிறது.

மின்னேற்ற மின்னோட்டத்தை ஒதுக்கவும் ஓர் உத்தி உண்டு. மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றாமல் சின்னச் சின்னப் படிகளாக, மேலும் கீழுமாகத் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் மின்னேற்ற மின்னோட்டம் சட்டென எழுந்து சட்டென அடங்கிவிடும். உலோகம் கரையும் மின்னோட்டம் நிதானமாகத்தான் குறையும். எனவே தட்டலின் கடைசிக் கணத்தில் மட்டும் அளந்தால் மிஞ்சுவது உலோகத்தினுடையதாக இருக்கும்.

நீண்ட காலம் சேகரிக்கும் மின்முனைக்குப் பாதரசமே பயன்பட்டது. ஈயமும் காட்மியமும் அதில் எளிதாகக் கலந்துவிடும், பரப்பும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிடைக்கும். ஆனால் ஆற்றங்கரைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பாதரசத்தை எடுத்துப்போக யாருக்கும் மனம் வராது. 2000-ஆம் ஆண்டில் மின்வேதியியலாளர் ஜோசப் வாங் குழுவினர் பிஸ்மத் படலம் அதே வேலையைச் செய்யும் என்று காட்டினார்கள். பிஸ்மத்தும் ஈயம், காட்மியத்தோடு சேர்ந்து உலோகக் கலவையாகும். நச்சு மிகக் குறைவு, சில வயிற்று மருந்துகளில்கூட அதன் உப்பு இருக்கிறது. படலத்தைத் தனியாகப் பூசவும் வேண்டாம். சோதிக்கும் நீரிலேயே கொஞ்சம் பிஸ்மத் கரைசலை விட்டால் ஈயத்தோடு சேர்ந்து அதுவும் படிந்துவிடும்.

அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலம், மூன்றரை சென்டிமீட்டர் நீளம், வெள்ளைப் பீங்கான். ஒரு நுனியில் நடுவே கறுப்பாக ஒரு வட்டம், அதுதான் வேலை செய்யும் மின்முனை, கரி மையால் அச்சிட்டது. அதைச் சுற்றி அரைவளையமாக இன்னொரு கரி முனை, மின்னோட்டம் சுற்றி வரும் பாதை அது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கோடு, ஒப்புமுனை. மூன்றிலிருந்தும் வெள்ளி இழைகள் மறு நுனிக்கு ஓடி, கருவியின் பொருத்தியில் செருகப்படும். நம் வீடுகள் பலவற்றில் சர்க்கரை பார்க்கப் பயன்படும் பட்டையும் இதே மாதிரி அச்சிட்டதுதான்.

திரையில் முதலில் தட்டையான கோடு நகரும். −1.1 பக்கம் ஒரு மேடு எழுந்தால் துத்தநாகம். பழைய இரும்புக் குழாய்க்குத் துத்தநாகம் பூசியிருப்பதால் இது வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அப்புறம் காட்மியத்தின் இடம், நல்ல தண்ணீரில் அங்கே ஒன்றும் இருக்காது. அடுத்து ஈயம், ஒடுங்கிய கூர்மையான மேடு. கடைசியில், −0.2 நெருங்கும்போது, பிஸ்மத் படலமே கரைந்து பெரிய மலையாக எழும்.

மேட்டின் உயரத்தை எப்படி மைக்ரோகிராமாக மாற்றுவது? ஒவ்வொரு தண்ணீரும் ஒவ்வொரு விதம் என்பதால் ஒரே அட்டவணை எல்லாவற்றுக்கும் சரிவராது. எனவே அதே நீரில் அளவு தெரிந்த ஈயத்தைச் சேர்த்து மறுபடி அளக்கிறார்கள். முதலில் மேடு 2 அலகு, லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் சேர்த்ததும் 3 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலகு என்பது 5, அப்படியானால் முதலில் இருந்தது 10. தண்ணீரே தன் அளவுகோலாகிவிடுகிறது. இந்தப் படியை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லும் எந்தக் கருவியையும் நான் முழுசாக நம்ப மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, விளம்பரங்களில் இதைச் சொல்வதில்லை. இந்த மின்முனை தன்னிடம் வந்து சேரும் ஈயத்தைத்தான் எண்ணும். ஆற்று நீரில் ஈயம் எல்லாமே தனி அயனியாக அலைவதில்லை. களிமண் துகளில் ஒட்டியிருக்கும், மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் பழுப்புக் கரிமப் பொருள் அதைக் கட்டிப் பிடித்திருக்கும். ஒரே தண்ணீருக்கு ஆய்வகம் 8 என்றும் பட்டை 2 என்றும் சொன்னால் இரண்டும் சரியாக இருக்கலாம். ஆய்வகம் அமிலத்தில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு மொத்தத்தை எண்ணுகிறது, பட்டை கட்டவிழ்ந்து திரிவதை மட்டும் எண்ணுகிறது. அந்தப் பழுப்புப் பொருள் மின்முனைமேல் படிந்து அதை மந்தமாக்கவும் செய்யும். குடிநீர் எல்லை மொத்த ஈயத்துக்கானது. எனவே குடிநீருக்கு நீரை முதலில் நைட்ரிக் அமிலம் விட்டு வைத்திருந்து, அப்புறம் வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலமும் அதன் சோடியம் உப்பும் கலந்த கரைசலால் அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவைச் சுமார் 4.5-க்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், அளப்பதற்கு முன் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

அதேசமயம், கட்டவிழ்ந்த ஈயத்தை மட்டும் எண்ணுவது சில இடங்களில் பலம். பிறைத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஓடும் ஜூரு ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோலா ஜூரு மீனவர்களின் மாசுப் பிரச்சினையை 1970-களிலேயே எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கையில் எடுத்தது. அந்தக் கழிமுகச் சேற்றில் வளரும் கெராங் சிப்பியைச் சார் குவே தியா என்ற வறுத்த நூடுல்ஸில் ருசித்துச் சாப்பிடுகிறோம். மீனின் செவுள் வழியாக உடம்புக்குள் எளிதில் நுழைவது பெரும்பாலும் கட்டவிழ்ந்த அயனிதான், அதனால் பட்டையின் எண் உயிர்களுக்கான ஆபத்தை நெருங்கிச் சொல்கிறது. சிப்பி சேற்றுத் துகளையும் சேர்த்து உண்பதால் நீரை மட்டும் அளந்து சிப்பி பத்திரம் என்று முடிவு கட்டக் கூடாது, சதையையும் அளக்க வேண்டும்.

பிஸ்மத்தால் எல்லா நஞ்சையும் பிடிக்க முடியாது. பாதரசம் கரையும் இடம் பிஸ்மத்தே கரைந்துபோகும் இடத்துக்கு அப்பால் இருக்கிறது. அதற்கும் ஆர்சனிக்குக்கும் தங்க மின்முனை வேண்டும். ஆர்சனிக்கில் ஒரு வடிவம் நேரடியாகப் படியாது, அதை முதலில் வேதிமுறையில் மாற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். பட்டையின் உறையில் எந்த உலோகங்களுக்கு என்று எழுதியிருப்பதை அதனால் பார்த்து வாங்குங்கள்.

கருவியின் மின்னணுப் பகுதி ஒன்றும் எட்டாக்கனி இல்லை. 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சீப்ஸ்டாட் என்ற வடிவமைப்பை 80 டாலருக்குள் செய்யும்படி எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். பாயான் லெப்பாஸில் 1972-லிருந்து சில்லு செய்யும் ஊர் இது. அங்கே வேலை பார்க்கும் ஓர் அண்ணனோ அக்காவோ இல்லாத தமிழ்க் குடும்பங்கள் பினாங்கில் குறைவு. தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்துக்கு அவர்கள் ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் பிள்ளைகளே ஒன்றைக் கட்டி முடிக்கலாம். அமிலத்தை மட்டும் ஆசிரியர் கையாள வேண்டும்.

வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க நினைப்பவர்கள் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வேண்டாம், அதன் சுவரில் ஈயம் ஒட்டிக்கொள்ளும். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் முதல் தண்ணீரை ஒன்றில் பிடியுங்கள். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு மற்றொன்றில் பிடியுங்கள். முதலாவதில் ஈயம் அதிகமாகவும் இரண்டாவதில் குறைவாகவும் இருந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழாய்த் தலையையோ பற்றவைப்பையோ மாற்றினால் தீரும். அதுவரை காலைத் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, ஓடிய தண்ணீரைச் சமையலுக்குப் பிடிக்கலாம். இரண்டிலும் அதிகம் என்றால் கோளாறு வாசலுக்கு வெளியேயும் இருக்கலாம். அந்த எண்ணை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உறுதிசெய்து, எழுத்தில் நீர்வாரியத்திடம் கொடுங்கள்.