தக்காளி நடுமுன் சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள்

"சார், நல்லா காய்க்கிற ரகமா ஒண்ணு சொல்லுங்க." ஒட்டன்சத்திரம் சுற்று வட்டாரத்தில் தோட்டக்கலை ஆலோசனைக்குப் போகும்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது: "பழத்தை எங்கே விக்கப் போறீங்க?"

மண்டிக்கு என்றால் பழம் பெட்டியில் அடுக்கப்பட்டு, ராத்திரி முழுக்க லாரியில் குலுங்கிக் கேரளத்துக்குப் போக வேண்டும். அதற்குத் தோல் தடித்த, கெட்டியான வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகம்தான் சரி. உழவர் சந்தைக்கு வருகிறவர்கள் கேட்பதோ, ரசத்துக்குப் புளிப்பான நாட்டுத் தக்காளி. அவர்களுக்குப் பி.கே.எம்.1 பொருந்தும். அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம் அது. பழம் தட்டையாக உருண்டிருக்கும்; காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கும். விவரம் தெரியாதவர்கள் "இன்னும் பழுக்கலையா?" என்று ஒதுக்குவார்கள். ஒரு பழத்தை அறுத்து முன்னால் வையுங்கள், வாங்குவார்கள்.

ஒரு விவசாயி அரை ஏக்கர் முழுக்க ஒரே நாளில் நாட்டு ரகம் நட்டார். பழமெல்லாம் ஒன்றாகத் திரண்டது. சந்தையில் அவரால் விற்க முடிந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை மண்டிக்குக் கொண்டுபோனால், இளகிய பழம் என்று விலையை அடித்துவிட்டார்கள். ரகம் தப்பில்லை, மொத்தமாக நட்டதுதான் தப்பு. மூன்று பங்காகப் பிரித்துப் பதினைந்து, இருபது நாள் இடைவெளி விட்டு நட்டிருந்தால் அந்தப் பழம் முழுதும் காசாகியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

கோடையில் காய்க்கிற மாதிரி நடுகிறவர்கள் வெள்ளை ஈயை மறக்கக் கூடாது. இலைச்சுருட்டு நச்சுயிரியைப் பரப்புவது அதுதான்; இளம்பயிரில் தாக்கினால் செடி காய்க்கவே காய்க்காது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இந்த நோயோடு பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் இரண்டையும் தாங்கக்கூடியது. தாங்கும் என்றால் வரவே வராது என்று அர்த்தமில்லை. நாற்றங்காலை வலைக்குள் வைப்பது எந்த ரகத்துக்கும் அவசியம்.

ஒட்டு ரகப் பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி போடாதீர்கள். செடிக்குச் செடி காய் மாறும். பி.கே.எம்.1 ஒட்டு ரகம் இல்லை; அதில் நல்ல செடியாகப் பார்த்துத் தாராளமாக எடுக்கலாம்.

குழித்தட்டு நாற்று வாங்குகிறவர்கள் ரகப் பெயரும் விதைப் பொட்டலத்தின் லாட் எண்ணும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். வேறு ரகம் கலந்து வந்துவிட்டால் புகார் கொடுக்க அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.