மேல்முறையீடு

கோர்ட் வாசலில் யாரும் ‘மேல்முறையீடு’ என்று பேசிக்கொள்வதில்லை. ‘அப்பீல் போட்டாச்சா?’ என்பதுதான் கேள்வி. மனைவியைக் கொடுமைப்படுத்திய வழக்கில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு) மாஜிஸ்திரேட் தண்டனை சொன்ன நிமிடமே அந்தக் கேள்வி வந்துவிடும்.

அப்பீல், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘அப்பெல்லாரே’ என்றால் பெயர்சொல்லி அழைப்பது, துணைக்குக் கூப்பிடுவது. தமிழ்ச் சொல்லின் வேர் வேறு. முறை என்றால் நீதி. ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்று குறளில் வருகிறதே, அந்த முறை. அதை வேண்டி நிற்பது முறையிடுவது. கீழ்க்கோர்ட் தீர்ப்பு தப்பு என்று மேலே போய் முறையிட்டால் மேல்முறையீடு. இலங்கையில் ‘மேன்முறையீடு’ என்று எழுதுவார்கள். லகரம் மகரத்துக்கு முன் னகரமாகும் என்ற புணர்ச்சி விதிப்படி அதுதான் சரி. என் கை என்னவோ ‘மேல்’ என்றே எழுதிப் பழகிவிட்டது.

இந்த வழக்குகளில் சொல் ஒரு வேடிக்கை செய்கிறது. முதலில் முறையிட்டவள் மனைவி. தீர்ப்புக்கு அப்புறம் ‘மேல்முறையீட்டாளர்’ என்ற பட்டம் கணவனுக்குப் போய்விடுகிறது. அவன் விடுதலையாகியிருந்தால் பாதிக்கப்பட்டவள் என்ற முறையில் அவளும் மேல்முறையீடு செய்யலாம். 2009 கடைசியில் வந்த உரிமை அது.

மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாள் கணக்கில் சேராது. அங்கே வழக்கு முதலிலிருந்து நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. ஏற்கெனவே பதிவான சாட்சியத்தை வைத்துத்தான் வாதம்.

இன்னொரு குழப்பம், ‘ஸ்டே வாங்கியாச்சு’ என்பது. பெரும்பாலும் வாங்கியது தண்டனை நிறுத்திவைப்பு. சிறைக்குப் போவது தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. அரசு வேலையில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு வேலையையே பறிக்கலாம். குற்றத்தீர்ப்பு வேறு, தண்டனை வேறு என்பதை நம் பேச்சுத்தமிழ் பிரித்துச் சொல்வதில்லை.

செஷன்ஸிலும் தோற்று ஹைகோர்ட்டுக்குப் போனால் அந்த மனுவுக்குப் பெயர் சீராய்வு மனு, அதாவது கீழ்க்கோர்ட் தீர்ப்பு சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்வது (ரிவிஷன்). வாசலில் அதையும் அப்பீல் என்றுதான் சொல்கிறார்கள்.