மைனஸ் கே போட்டா வேலை நடந்துடும், அதான் பேஜாரே

போன மழை டைம்ல சென்னை திருவொற்றியூர்ல, துறைமுகத்து சரக்குக்கு பேப்பர் வேலை பாக்குற ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸ்ல இருந்து காலைல ஆறு மணிக்கு போன். "ண்ணா, நைட்டு ஃபைலு போவல, லாரிங்கல்லாம் லைன்ல நிக்குது, டிரைவருங்க கத்துறாங்க, கொஞ்சம் வந்து பாருண்ணா"ன்னு அந்த பையன் அழாத குறை. ராயபுரம், தண்டையார்பேட்டை, மணலின்னு இந்த பக்கம் பத்து பன்னெண்டு சின்ன ஆபீஸுக்கு நான்தான் சிஸ்டம் பாக்குறேன், எண்ணூர் ரோட்டுல அந்த நேரத்துக்கு கன்டெய்னருங்க நடுவுல பைக்க ஓட்டிட்டு போறது தனி கதை, விடுங்க.

ஃபைல் போகாததுக்கு காரணம் ஒண்ணும் பெருசில்ல, டிஸ்க் ஃபுல்லு. பழைய லாகெல்லாம் தூக்கி போட்டதும் ஓடிடுச்சு. ஆனா அந்த ஸ்கிரிப்ட தொறந்து பாத்தேன் பாருங்க, அங்கதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. கர்ல் (curl) கமாண்டு, அது பக்கத்துலயே மைனஸ் கே (-k). ரெண்டு வருஷமா டெய்லி நைட்டு பார்ட்டி பேரு, கன்டெய்னர் நம்பர், கூடவே பாஸ்வேர்டு மாதிரியான லாகின் டோக்கன், எல்லாம் அதுலதான் போயிட்டு இருந்துருக்கு.

கர்ல் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பிரவுசர் இல்லாம டெர்மினல்ல இருந்தே ஒரு வெப் அட்ரஸுக்கு ஃபைல் அனுப்பவும் எடுக்கவும் உள்ள டூல். ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க் 1998-ல இந்த பேர்ல வெளியிட்டாரு, சாட் ரூம்ல தானா கரன்சி ரேட் சொல்ற ஒரு புரோகிராமுக்காக ஆரம்பிச்ச வேலை அது. இப்ப மேக், விண்டோஸ் 10, நிறைய லினக்ஸ்னு எல்லாத்துலயும் கூடவே வருது. வெப்சைட் எழுதுற பிஎச்பி-ல நீங்க கர்ல்னு எழுதுறதுக்கு அடியில ஓடுறதும் இவரோட லைப்ரரிதான்.

சரி, மைனஸ் கே என்ன பண்ணுது? நிறைய பேரு "என்கிரிப்ஷன ஆஃப் பண்ணிடும்"னு நெனைக்கிறாங்க, அது இல்ல. என்கிரிப்ஷன் இருக்கும். எதிர்ல இருக்கற சர்வர் யாரு, அது காட்டுற சர்டிஃபிகேட், அதாவது அதோட அடையாள அட்டை, நெசமான்னு மட்டும் பாக்காது. நம்ம ஏரியா ஆளுங்களுக்கு ஈஸியா புரியும், கன்டெய்னர்ல போல்ட் சீல் ஸ்ட்ராங்கா போட்டுருக்கு, ஆனா கேட்ல சீல் நம்பர பேப்பரோட ஒத்துப் பாக்காம உள்ள விடுறான். நடுவுல எவனோ சீல உடைச்சு, உள்ள கைய வெச்சுட்டு, வேற சீல் போட்டு அனுப்பிருந்தாலும் கேட்காரனுக்கு ஒண்ணும் தெரியாது, சீல் பளபளன்னு இருக்குல்ல. இங்கயும் அதேதான், உங்க ரவுட்டரையோ ஓசி வைஃபையையோ ஒருத்தன் கையில வெச்சிருந்தா அவனே ஒரு டுபாக்கூர் சர்டிஃபிகேட்ட காட்டிட்டு நடுவுல உக்காந்துக்கலாம். அப்படி யாராச்சும் உக்காந்தானான்னு அந்த ஆபீஸ் ஓனர் என்ன கேட்டாரு. லாகுல எந்த தடயமும் இருக்காது சார்னு சொன்னேன், மனுஷன் மொகம் மாறிடுச்சு. மொத வேலையா டோக்கன மாத்துனோம்.

அப்புறம் மைனஸ் கே-வ எடுத்துட்டு ஓட விட்டேன். எர்ரர் 60. கர்ல்ல 60 வந்தா சர்டிஃபிகேட் செக்ல மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். எல்லாரும் 60-ஐ பாத்த உடனே பயந்து நெட்ல தேடுவாங்க, எவனோ மைனஸ் கே போடுன்னு சொல்லிருப்பான், போட்டுட்டு போயிடுவாங்க. அந்த 60-க்கு பக்கத்துல ஒரு வரி இங்கிலீஷ் இருக்கும் பாருங்க, அத படிங்கப்பா, காரணம் அதுலதான் இருக்கு. இங்க என்ன போட்டுருந்துச்சு தெரியுமா, சர்டிஃபிகேட் இன்னும் அமலுக்கே வரலன்னு. டேட்னு டைப் பண்ணி பாத்தா 2010 ஜனவரி! மதர்போர்டு பேட்டரி செத்து போயி, கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் பின்னாடி போயிட்டு இருந்துருக்கு, நெட்ல இருந்து டைம் எடுக்குற செட்டிங்கும் ஆஃப்ல கெடக்கு. 2010-ல நின்னுட்டு பாத்தா புது சர்டிஃபிகேட் எல்லாம் வருங்காலத்து சாமான் தானே. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் கூட போகல, தேரடி பக்கம் ஒரு வாட்ச் கடைல சிஆர் 2032 வாங்கிட்டு வந்து மாட்டுனேன், டைம் சிங்க் ஆன் பண்ணேன், முடிஞ்சுது. ஒரு வட்டப் பேட்டரிக்காக ரெண்டு வருஷம் வாசல தொறந்து போட்டு தூங்கிருக்காங்க.

இதுக்கு அப்புறம் மத்த ஆபீஸுங்கள்லயும் தேட ஆரம்பிச்சேன், நாலு எடத்துல மாட்டுச்சு. தண்டையார்பேட்டைல ஒருத்தருக்கு "லோக்கல் இஷ்யூவர் சர்டிஃபிகேட் கெடைக்கல"ன்னு வந்துச்சு, ஆனா அதே அட்ரஸு பிரவுசர்ல பச்சப் புள்ள மாதிரி தொறக்குது. "பிரவுசர்ல வருதே, அப்போ கர்ல்தான் லூசு"ன்னு அவர் வாதம். லூசு இல்ல சார். சர்வர்காரன் தன்னோட சர்டிஃபிகேட்ட மட்டும் வெச்சுட்டு, அதுக்கு ஜாமீன் நிக்கற நடு சர்டிஃபிகேட், இன்டர்மீடியட்னு சொல்வாங்க, அத வெக்க மறந்துட்டான். பிரவுசருங்க அத எங்கயாச்சும் தேடி எடுத்து சமாளிச்சுக்கும், கர்ல் பொதுவா அப்படி தேடாது. சர்டிஃபிகேட்ட தானா வாங்கிக் குடுக்கற செர்ட்பாட் டூல் போட்டவங்க ஃபுல்செயின்னு இருக்கற ஃபைல கான்ஃபிக்ல குடுக்கணும், வெறும் செர்ட் ஃபைல இல்ல. சர்வர்காரனுக்கு மெயில் போட்டோம், மறுநாள் சரி பண்ணிட்டான். ஆபீஸுக்குள்ளயே சொந்தமா சர்டிஃபிகேட் போட்டுக்கிட்ட சர்வருன்னா அதுக்கும் கே வேணாம், சிஏசெர்ட் (--cacert) ஆப்ஷன்ல அந்த சிஏ ஃபைல, அதாவது சர்டிஃபிகேட் குடுத்தவரோட சர்டிஃபிகேட்ட, காட்டுனா போதும்.

பிஎச்பி பசங்களுக்கு தனியா சொல்லணும். கர்ல் செட்டிங்ல வெரிஃபை பியர் ஃபால்ஸ்னு எழுதுறீங்களே, அதுவும் இதே வியாதிதான், பேருதான் வேற.

இன்னொன்னு பாஸ்வேர்டு. மைனஸ் யூ போட்டு பேரு, கோலன், பாஸ்வேர்டுன்னு அப்படியே அடிக்காதீங்க, அடிச்ச கமாண்டையெல்லாம் சேத்து வெக்கற ஷெல் ஹிஸ்டரில உக்காந்துக்கும். பேரு மட்டும் குடுத்தா அதுவே பாஸ்வேர்டு கேக்கும். ஸ்கிரிப்ட்டுன்னா பெரிய எழுத்து கே (-K) இருக்கு, அது கான்ஃபிக் ஃபைல்ல இருந்து படிக்கும், அந்த ஃபைலுக்கு 600 பர்மிஷன் குடுத்துடுங்க, சொந்தக்காரன் மட்டும்தான் தொறக்க முடியும். சின்ன கே-வுக்கும் பெரிய கே-வுக்கும் அவ்ளோ வித்தியாசம். போறது வர்றதையெல்லாம் விவரமா காட்டுற மைனஸ் வி போட்டு வர அவுட்புட்ட வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டு "என்ன ப்ராப்ளம்"னு கேக்குறவங்க, மொதல்ல அதுல ஆத்தரைசேஷன், குக்கி வரிங்கள அழிச்சுட்டு போடுங்க. பேஸிக்னு ஆரம்பிச்சு புரியாத எழுத்தா இருக்கே, என்கிரிப்ட் ஆயிருக்கும்னு நெனைக்காதீங்க, அது வெறும் பேஸ் 64, யாரு வேணா பிரிச்சுடலாம்.

இனிமே 60 அடிக்கடி வரும், அதனாலதான் இப்பவே எழுதுறேன். பப்ளிக் சர்டிஃபிகேட்டோட ஆயுச கொறைக்க சர்டிஃபிகேட் குடுக்கற கம்பெனிங்களும் பிரவுசர் கம்பெனிங்களும் சேந்து 2025 ஏப்ரல்ல ஓட்டு போட்டு முடிவு பண்ணிட்டாங்க, 398 நாளா இருந்தது 2026 மார்ச்ல 200, 2027 மார்ச்ல 100, 2029 மார்ச்ல 47 நாள். கையால ரின்யூ பண்ணிட்டு இருக்கற சர்வருங்க எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு எக்ஸ்பயர் ஆகும், அப்பல்லாம் அந்த பக்கம் எக்ஸ்பயர் ஆனதுக்கு இந்த பக்கம் கே போட ஆளுங்க ரெடியா இருப்பாங்க.

போன வாரம் அந்த திருவொற்றியூர் பையன் திரும்ப போன் பண்ணான். "ண்ணா, 60 வருது." பக்கத்துல என்ன போட்டுருக்குடான்னு கேட்டேன். "எக்ஸ்பயர்டுன்னு இருக்குண்ணா, நம்ம டேட்டு கரெக்டா இருக்கு, பாத்துட்டேன், சர்வர்காரனுக்கு போன் போட்டுட்டேன், மதியம் மாத்துறேன்னான். அது வரைக்கும் லாரிய நிக்க வெக்கவாண்ணா?" நிக்கட்டும்டான்னு சொன்னேன்.