ஃபேட்டி லிவர்: அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்துவிட்டால், முதல் பழி எண்ணெய்ப் பலகாரத்தின் மேல்தான் விழும். ஆனால் கல்லீரல் கொழுப்பு நோய் உள்ளவர்களிடம் அந்தக் கொழுப்பின் தடம் பிடித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரே வந்தது சுமார் 15 சதவீதம்தான். கல்லீரலே புதிதாகத் தயாரித்தது 26. மீதி 59 சதவீதம் ரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலங்கள். பெரும்பாலும் உடலின் கொழுப்புத் திசுக்கள் வெளியே விட்டவை.

ஏன் வெளியே விடுகின்றன? சேமித்த கொழுப்பைக் கசியவிடாமல் பிடித்து வைப்பது இன்சுலினின் வேலை. தொப்பை பெருக்கப் பெருக்கத் திசுக்கள் அதன் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும். இங்கேதான் வினோதம்: இன்சுலின் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்தச் சொன்னால் கேட்காத கல்லீரல், கொழுப்பு தயாரிக்கச் சொன்னால் மட்டும் தட்டாமல் கேட்கும். ஆக, வெளியிலிருந்தும் வரவு, உள்ளேயும் உற்பத்தி.

இதில் இனிப்பான குளிர்பானம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதன் சர்க்கரையில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டு உண்டு. குளுக்கோஸை உடல் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸ் அளவு மீறினால் பெரும்பாலும் கல்லீரல் தலையில்தான் விழும். குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு நொதி உண்டு. ஃபிரக்டோஸ் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவதால், கொழுப்பாக மாறத் தடை குறைவு.

சரி, ஒல்லியாக இருப்பவர்களுக்கு? அவர்களுக்கும் வருகிறது. எடையைவிட இடுப்புச் சுற்றளவைத்தான் நான் நம்புவேன். ஆசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பது பொதுவான வரம்பு. அப்புறம் மரபணு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால், கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகள் எளிதில் கரையாது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, தூக்கத்தில் மூச்சுத் தடை, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை ஆகியவையும் பட்டியலில் உண்டு. மது தனிக் கணக்கு. இவற்றோடு சேர்ந்தால் சேதம் வேகமாகும்.

இளம் வயதில் இன்னொரு சிக்கல், பரிசோதனையிலேயே இருக்கிறது. ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் இயல்பாக இருந்தாலும் நோய் இருக்கலாம். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று கணிக்கும் ஃபிப்-4 கணக்கில் வயதும் ஒரு பெருக்கல் எண். ரத்த முடிவுகள் ஒன்றாகவே இருந்தாலும் 25 வயதுக்காரருக்கு 50 வயதுக்காரரின் பாதி மதிப்பெண்தான் வரும். அதனால் 35 வயதுக்குக் கீழே அந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.