வால்வு மாற்றியாச்சு, அப்புறம்?

இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் முடிந்து முதல் தடவையாக எங்கள் வார்ஃபரின் (ரத்தம் இளக்கும் மருந்து) கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் நான் எடுத்ததும் கேட்பது, "உங்களுக்கு வைத்தது மெக்கானிக்கல் வால்வா, திசு வால்வா?" என்றுதான். பலருக்குத் தெரியாது. "ஐ.ஜே.என்.ல மாத்துனாங்க மிஸ், இப்ப நல்லா மூச்சு விட முடியுது" என்று கோலாலம்பூர் தேசிய இதய மருத்துவமனையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். மலேசியாவில் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களுக்கு மருந்து கொடுக்கும் மருந்தாளராகச் சொல்கிறேன், அந்த ஒரு விவரம் தெரியாததால்தான் பின்னால் பாதி வம்பு வருகிறது.

எங்களிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. வயதானவர்களுக்கு, இதயத்தில் இருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள அயோட்டிக் வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுகிறது. நடந்தால் நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, சிலருக்குத் திடீர் மயக்கம். இன்னொரு வகை, நாற்பது ஐம்பது வயதுப் பெண்கள். சின்ன வயதில் லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீடு) தொண்டை வலியோடு காய்ச்சல் வந்திருக்கும். சில வாரம் கழித்து முட்டி, கணுக்கால் என்று மாறி மாறி வீங்கியிருக்கும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கப் போன உடம்பு, தன் இதய வால்வையே தாக்கிவிடுகிறது. இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு மெல்ல மெல்லச் சுருங்கப் பல வருடம் ஆகும். அதுவரை ஆஸ்துமா, ரத்தக் குறைவு, வயசாச்சு என்றே காலம் ஓடும். பிள்ளை உண்டானபோதுதான் முதன்முதலில் மூச்சு முட்டியது என்று சொல்கிறவர்களும் உண்டு. கர்ப்பத்தில் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுவதால், சுருங்கிய வால்வு அப்போது காட்டிக்கொடுத்துவிடும். தட்டையாகப் படுக்க முடியாமல் ராத்திரியில் தலையணையை அடுக்கிக்கொள்கிறவர்கள், படபடப்பு இருப்பவர்கள், இன்ஹேலர் மாற்றிக் கேட்பதோடு விட்டுவிடாமல் நெஞ்சில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்கக் கேளுங்கள்.

வால்வுக் கோளாறு என்றாலே நெஞ்சைத் திறக்க வேண்டும் என்பதில்லை. சுருங்கிய மைட்ரல் வால்வு சிலருக்கு, தொடை ரத்தக்குழாய் வழியாக பலூன் விட்டு விரித்தாலே போதும். கசிகிற வால்வைப் பழுது பார்க்க முடிந்தால், அதற்குப் பெரும்பாலும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தாலும், அதுதான் முதல் விருப்பம். வயதானவர்களின் அயோட்டிக் வால்வைத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே மாற்றும் முறை 2002இல் வந்தது. இவை எதுவும் ஒத்து வராதபோதுதான் நெஞ்செலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி, இதய நுரையீரல் இயந்திரத்தை ஓடவிட்டு, கெட்ட வால்வை வெட்டியெடுத்துப் புதியதைத் தைக்கிறார்கள். அறுத்த எலும்பு சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை செம்பனைக் குலை தூக்குவதை மறந்துவிட வேண்டும்.

புதியது எது என்பதில்தான் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். திசு வால்வு மாட்டு இதயத்தைச் சுற்றியுள்ள சவ்விலோ பன்றியின் வால்விலோ செய்தது. அதற்கு ரத்தம் இளக்கும் மருந்து பெரும்பாலும் மூன்று மாதம், ஆறு மாதம்தான். ஆனால் 10, 15 வருடத்தில் தேய்ந்துவிடும், இளவயதில் இன்னும் சீக்கிரம். மெக்கானிக்கல் வால்வு கார்பனால் செய்தது. பொதுவாக ஆயுளுக்கும் வரும், வார்ஃபரினும் ஆயுளுக்கும் வரும். "மாட்டுச் சவ்வா? சாமி கும்பிடுற உடம்பு மிஸ்" என்று ஒரு அம்மா முகம் சுளித்தார். அந்தத் தயக்கத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது. இன்னும் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டிய பெண் என்றால் அதையும் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் ஆறாவது வாரத்தில் இருந்து பன்னிரண்டாவது வாரம் வரை வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும். தெரிந்தவுடன் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, வால்வில் ரத்தம் உறைந்துவிடும். கரு தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்துத் திட்டமிடுவதுதான் வழி.

வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனைதான் கணக்கு. மருந்து சாப்பிடாத ஆளுக்கு அது 1 ஒட்டி இருக்கும். அயோட்டிக் மெக்கானிக்கல் வால்வுக்குப் பொதுவாக 2 முதல் 3, மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5. குறைந்தால் ரத்தக் கட்டி, பக்கவாதம். கூடினால் ரத்தக் கசிவு.

குலை வெட்டும் ஒருவர், நாற்பதைத் தாண்டாதவர் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்), தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்தார். மாதக்கணக்கில் 2.8, 3 என்று இருந்தவருக்கு அன்று 1.6. மாத்திரை விடவில்லை என்று சத்தியம் செய்தார். அவருடைய மருந்துப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன், குறையும் வித்தியாசமும் இல்லை. "இப்ப என்ன சாப்பாடு அண்ணே?" என்றேன். விரதம். காலையில் முருங்கைக்கீரை, மத்தியானம் கங்கோங் கீரை, ராத்திரி திரும்பவும் கீரை. பச்சைக்கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. புரட்டாசியிலும் இதே கதைதான். கீரையை விடச் சொல்லவில்லை. எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிடுங்கள், விரதம் தொடங்கும் முன்பே சொல்லுங்கள், அதற்கேற்ப நாங்கள் அளவையும் பரிசோதனைத் தேதியையும் மாற்றிக்கொள்வோம்.

அவர் கிளம்பும்போதுதான் அடுத்ததைச் சொன்னார். ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு அலகு குத்தி காவடி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் செய்வதாக அவர் அம்மா வேண்டிக்கொண்டதாம். குத்தும் இடத்தில் ரத்தம் நிற்காது என்பது ஒன்று, அதைவிட எனக்குப் பயம் அந்தத் துளை வழியே போகும் கிருமி செயற்கை வால்வில் ஒட்டிக்கொள்வது. "நேர்த்திக்கடனைக் கழிக்காம விட முடியாது மிஸ்" என்றார். பால்குடம் எடுத்தால் முருகன் ஏற்க மாட்டாரா என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். அந்த வருடம் பால்குடம்தான் எடுத்தார்.

கீரையைவிட எனக்குக் கோபம் வருவது மளிகைக்கடை மாத்திரையில். முட்டி வலிக்கு டைக்லோஃபெனாக் இரண்டு பட்டை, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்துப் பொட்டலம் ஒன்று. வலி மாத்திரை வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். ஜாமு என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பதைப் பற்றிச் சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை எச்சரித்துவிட்டது. கரிய நிற மலம், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடிபட்டது, வாய் கோணியது, கை விழுந்தது எதுவானாலும் அடுத்த அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பரிசோதனைக்கு வராமல் போகிறவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. வெட்டிய டன் கணக்குக்குக் கூலி வாங்குகிறவருக்கு ஒரு காலை போனால் ஒரு காலைச் சம்பளம் போச்சு. வர முடியாவிட்டால் போன் செய்து தேதியை மாற்றுங்கள், கோபிக்க மாட்டோம். ரத்தம் எடுக்க வேண்டாத புது மாத்திரை இருக்கிறதாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. மெக்கானிக்கல் வால்வுக்கு அது கிடையாது. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டபிகாட்ரானை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில் ரத்தக் கட்டியும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

பல் பிடுங்கப் போனால், க்ளீனிங் என்றாலும் சரி, வால்வு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தர வேண்டியிருக்கும். காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விடாவிட்டால் டவுன் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். வால்வில் கிருமி பிடித்திருந்தால் முதலில் ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்து முந்திக்கொண்டால் எந்தக் கிருமி என்பதே தெரியாமல் போகலாம். எந்த டாக்டர் அறைக்குள் போனாலும், காய்ச்சலைச் சொல்வதற்கு முன்பே சட்டைப் பட்டனைக் கழற்றித் தழும்பைக் காட்டிவிடுங்கள்.